தலைவர் பார்த்துவைத்த மாப்பிள்ளை

சின்னம்மாவின் வலது மணிக்கட்டு சற்றுக் கோணலாக இருக்கும். நான் பள்ளிக்குப் போன நாட்களில், காலையில் எனக்குச் சடை பின்னும்போது அந்தக் கை பாதியில் நின்றுவிடும். இடது கையால் அதைப் பிடித்துவிட்டுக்கொண்டு மறுபடி பின்னுவார். பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. அந்தக் கையை உடைத்தவன் அவர் கணவன், லோரி ஓட்டுபவன். எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த சின்னம்மாவை, கட்டுப் பிரிக்கும் முன்பே அவனிடம் திருப்பி அனுப்பியவர் கோயில் தலைவர்.

வெளுத்த சட்டையும் விபூதியுமாக வந்து உட்கார்ந்தார். சின்னம்மா ஒற்றைக் கையால் கலக்கிக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, அனுசரித்துப் போகச் சொன்னார். அவனிடமோ லோரி டயரைப் பற்றிப் பேசினார். பின்னாளில் அவன் விபத்தில் செத்தபோது, குடும்பத்தைக் கட்டிக் காத்தவன் என்று சுடுகாட்டில் பேசினாரே, அந்த நாக்கு கூசவே இல்லை.

அடுத்த மாப்பிள்ளையையும் அவரே கொண்டுவந்தார். அவருடைய சொந்தக்காரன், கோலா பிலாவில் பாதுகாவலர் வேலை. பாதுகாவலர்! பெண் பார்க்க வந்தவன் சின்னம்மாவின் கையைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டான். இதுவரை யாரும் கேட்காததை அவர் கேட்டார் என்று சின்னம்மா என் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தார். நடந்ததையெல்லாம் அவனிடம் கொட்டினார். அண்ணன் தம்பி இல்லை, போலீசுக்குப் போகவில்லை, ஊரே திருப்பி அனுப்பியது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

கல்யாணம் முடிந்து அடி தொடங்கியதும் தோட்டத்து மக்கள் ஒரு நியாயம் கண்டுபிடித்தார்கள். ஒருத்தன் அடித்தால் அவன் குற்றமாம். இரண்டு பேர் அடித்தால் அவளிடம் கோளாறாம். தலைவர் அதைச் சொல்ல வீட்டுக்கே வந்தார்.

“ரெண்டு பேருமே கை நீட்டுனாங்கன்னா, உன்கிட்ட என்னமோ இருக்குலா.”

“இருக்கு தலைவரே,” என்றார் சின்னம்மா. “கேக்க ஆளில்லைங்கறது இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இவன் வந்தான். தெரியவச்சது நீங்க.”

அவருக்கு இந்த முறை தேநீர் கிடைக்கவில்லை. அன்றே சின்னம்மா என் அம்மாவோடு பஸ் ஏறிப்போய்ப் போலீசில் புகார் கொடுத்தார். அவன் நெருங்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வந்தது. அதையும் மீறி ஒருநாள் வாசலில் வந்து கத்தினான். சின்னம்மா கதவைத் திறக்காமல் போலீசைக் கூப்பிட்டார். விலங்கு மாட்டியதும் பாதுகாவலர் அழுதான். பிறகு விவாகரத்தும் கிடைத்தது.

சின்னம்மா இப்போது மம்பாவில் இருக்கிறார். பள்ளிக் கேன்டீனில் சமையல். தலைவர் இன்னும் தலைவர்தான்; குடும்ப ஒற்றுமை பற்றி மேடைகளில் பேசுகிறார், மாலையும் போடுகிறார்கள். போன வருடம் அந்தப் பாதுகாவலருக்கே மறுபடி பெண் பார்த்தார். ஜொகோலில் ஒரு விதவை, முதல் கணவனிடம் அடிபட்டவள். எப்படித்தான் தேடிப் பிடிக்கிறார்களோ!

கேள்விப்பட்டதும் சின்னம்மா என்னைக் கார் எடுக்கச் சொன்னார். அந்தப் பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து, அழாமல், எதையும் கூட்டாமல் சொல்லி முடித்தார். கடைசியில் அவள் சின்னம்மாவின் போன் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கல்யாணம் நின்றது. மறுநாளே தலைவர் போன் செய்து, ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டாயே என்று சத்தம் போட்டார். சின்னம்மா கேன்டீனில் பிள்ளைகளுக்கு மீ நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்தார்.

“அடுத்தது யாருன்னு சொல்லுங்க தலைவரே,” என்றார். “அங்கேயும் போறேன்.”