வெங்காரம் போடும் நேரம்

காரவள்ளியில் மலை ரோடு தொடங்கும் இடத்தில் அம்சவேணிக்கும் அவள் புருஷன் மாதேஸ்வரனுக்கும் ஓர் இரும்புப் பட்டறை. கல்யாணமான நாளிலிருந்து அவர் இடுக்கி பிடிப்பார், அவள் எதிரில் நின்று சம்மட்டி அடிப்பாள். போன மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். கொஞ்ச நாளைக்கு நெருப்பையே பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடுக்கியும் அவள் கைக்கே வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டு, உலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த மனுஷனுக்கு வாய் மட்டும் ஓயவில்லை.

அன்றைக்கு மலைமேல் இருக்கும் பெரக்கரை நாட்டு ஆயம்மாள் கொடுவாளோடு இறங்கி வந்திருந்தாள். மிளகுக் கொடி ஏறிய மரங்களில் கிளை கழித்துக் கழித்து வாளின் வாய் தேய்ந்திருந்தது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்து, இரண்டையும் காய்ச்சி அடித்து ஒன்றாக்க வேண்டும். காயும் இரும்பின்மேல் கறுப்பாய்ச் செதிள் கட்டும். அது இருந்தால் ஒட்டவே ஒட்டாது. அதைக் கரைக்கத்தான் வெங்காரப் பொடி.

"நெறம் என்ன புள்ள?"

"மஞ்சளுங்க."

"என்ன மஞ்சள்? எலுமிச்சம்பழமா, மாம்பழமா?"

"ஏதோ ஒரு பழமுங்க! கை சுடுது."

"அப்ப வெங்காரத்தப் போடு. நல்லா அள்ளிப் போடு."

அள்ளிப் போட்டுக் காய்ச்சி அடித்தாள். துண்டு தெறித்து ஆயம்மாளின் காலடியில் விழுந்தது.

"கரி ஈரமா இருக்கும்" என்றார் மாதேஸ்வரன்.

மறுபடியும் அதேபோல் செய்தாள். மறுபடியும் பிரிந்தது.

"நீ அடிக்கிற அடி சரியில்ல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அடியில் அவர் ஒரு குறை சொன்னதில்லை. இப்போது திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார்!

"எந்திரிங்க. டீக்கடைக்குப் போங்க. அக்கா, இவர இழுத்துக்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

தனியாக நின்றபோதுதான் அவருடைய கை ஞாபகம் வந்தது. வாய் ஒன்று சொன்னாலும் அந்தக் கை வேறு மாதிரி அல்லவா செய்யும்? இரும்பு வெறும் சிவப்பாக இருக்கும்போதே எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சிட்டிகை பொடி தூவுவார். அது பொங்கி உருகிப் பாகுபோலப் படரும். அப்புறம்தான் மஞ்சளாகும்வரை காய்ச்சுவார். மஞ்சளான பிறகு தூவினால் செதிள் அதற்கு முன்பே உட்கார்ந்துவிடாதா!

அப்படியே செய்தாள். முதலில் மெல்லத் தட்டினாள், பிறகு ஓங்கி அடித்தாள். உருகிய வெங்காரம் நாலாபக்கமும் சிதறியது. துண்டு வாளோடு ஒன்றாகிப் போனது.

வாய் தீட்டி முடிக்கும்போது இருவரும் திரும்பினார்கள். மாதேஸ்வரன் ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"எப்பப் போட்ட வெங்காரத்த?"

"செவப்பா இருக்கையிலயே."

"செவப்புலயா? அதெப்படி புள்ள பிடிக்கும்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆயம்மாள் சிரித்தபடி வாளை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.

மறுநாளிலிருந்து உலை மூட்டும் முன்பே புருஷனை டீக்கடைக்கு அனுப்பிவிடுகிறாள் அம்சவேணி. பாவம், கடைக்காரர் முரளி. பஜ்ஜியை எப்போது திருப்பிப் போட வேண்டும் என்று அவருக்கு இப்போது பாடம் நடக்கிறது.