தேன்மொழிக்கு வந்த போன்

நான் ஒரு திருடி. என் உயிர்த்தோழி மஞ்சுளாவின் இறந்துபோன அப்பாவைத் திருடி, ஒரு விளையாட்டுக்குக் கொடுத்துவிட்டேன்!

சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள்... நானே பாதி நாள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மீதிப் பாதிதான் தொல்லை.

வேங்கிக்காலில் ஒரு தனியார் அலுவலகத்தில் எனக்கு வேலை. உடன் வேலை செய்யும் ரஃபீக், ஞாயிறு மதியங்களில் தன் வீட்டு மெத்தைக்கடை மாடியில் ஒரு பேய் விளையாட்டு நடத்துகிறான். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவோம். அவன் கதை சொல்வான். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவோம். தப்பித்தோமா செத்தோமா என்பதைப் பகடை சொல்லும். கதை நடப்பதும் இதே திருவண்ணாமலையில், இதே காலத்தில்தான்.

முதலில் ஒரு தாள் தருவான். பெயர், தொழில், பயம், கடைசியில் ‘ரகசியம்’ என்று ஒரு கட்டம். நிரப்பினால் நம் பாத்திரம் பிறந்துவிடும்.

நான் முதலில் எழுதிக் கொடுத்தவள் வெள்ளைப் புடவைக்கும் கொலுசுச் சத்தத்துக்கும் பயந்தவள். ரஃபீக் உதட்டைப் பிதுக்கினான்.

“இதெல்லாம் பழைய பேய்க்கா. இப்ப பேய் வர்றதுன்னா எது வழியா வரும்? அதை யோசிங்க.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பத்திரண்டு வயதில் ஒரு பேய்க்கு வழி சொல்லத் தெரியாதவளா நான்? யோசிக்கவே இல்லை... பேனா தானாக ஓடியது!

மஞ்சுளாவும் நானும் மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் செருப்பில்லாமல் மலையைச் சுற்றுவோம். பௌர்ணமிக் கூட்டம் எங்களுக்கு ஆகாது. பாதையில் பேசியது பாதையோடு போக வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. அடி அண்ணாமலையில் சுக்குக் காபி குடிக்கும்போது ஒருமுறை சொன்னாள். அவள் அப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் சாயங்காலம் போன் செய்து, “பஸ் ஏறிட்டியாம்மா?” என்று கேட்பாராம். அவர் போய் மூன்று வருடமாகியும் அந்த நம்பரை அவள் விடவில்லை. ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறாள். சில நாள் அதற்குப் போன் போட்டும் பார்க்கிறாள்.

“யாரும் எடுக்க மாட்டாங்கன்னு தெரியும்டி. எடுத்துட்டா என்னா பண்றதுன்னு பயமா இருக்குது... எடுக்கலைன்னா அழுகையா வருது.”

இதை அப்படியே எழுதினேன்! பெயரைத் தேன்மொழி என்று மாற்றினேன். மருந்துக்கடையில் வேலை கொடுத்தேன். மஞ்சுளா குள்ளம்; தேன்மொழியை நெட்டையாக்கினேன். திருடிய மாட்டுக்குக் கொம்பில் வேறு வர்ணம் அடித்த கதைதான்.

தேன்மொழி அமோகமாக ஓடினாள். வாரம் முழுக்க அவளைப் பற்றியே பேச்சு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில் என்ன செய்தேன் தெரியுமா? மஞ்சுளாவையே விளையாட்டுக்கு அழைத்தேன்! சத்தியமாகச் சொல்கிறேன், மறந்தே போயிருந்தது. நாலு வாரம் பேசிப் பேசியே தேன்மொழியின் அப்பா எனக்குச் சொந்தமாகிவிட்டிருந்தார்.

வேகவைத்த வேர்க்கடலையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். ரஃபீக் குரலைத் தாழ்த்தினான்.

“தேன்மொழியோட போன் அடிக்குது. அப்பா நம்பர். எடுக்கறாங்க... ‘பஸ் ஏறிட்டியாம்மா?’”

எல்லோரும் கூச்சலிட்டோம். ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டார். நானும் கத்தினேன்... பிறகுதான் மஞ்சுளாவைப் பார்த்தேன். பாதி உரித்த கடலை அவள் விரலில் அப்படியே நின்றது.

“யாரு யோசிச்சது இது?” என்றாள்.

“எல்லாம் உங்க ஃபிரெண்டுதான்க்கா! என்னா கற்பனை பாருங்க!” என்றான் ரஃபீக்.

அவள் என்னைப் பார்த்தாள். ‘இல்லை, இது இவளுடையது’ என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. ஆனால் நான்... அடக்கமாகச் சிரித்தேன்! திருட்டையாவது மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சிரிப்புக்கு என்ன சொல்வேன்?

“நல்லாத்தான் இருக்குது. எனக்கும் ஒரு தாள் குடுப்பா” என்றாள் மஞ்சுளா.

கடகடவென்று எழுதினாள். பெயர் அன்னம். தொழில் லாரி ஓட்டுவது. பயம் பல்லி. மாடியே சிரித்தது.

“ரகசியம் எழுதலையேக்கா?” என்றான் ரஃபீக்.

“அது வாணாம்பா. அன்னம் யாருகிட்டயும் எதுவும் சொல்லிக்க மாட்டா.”

அன்றிலிருந்து எங்கள் மேசையில் கெட்டிக்காரி அவள்தான். அன்னம் தன் லாரியோடு வந்து தேன்மொழியை இரண்டு முறை பேயிடமிருந்து மீட்டிருக்கிறாள்! மலையையும் சுற்றுகிறோம். மாமியார், முட்டிவலி, அலுவலக வம்பு என்று வாய் ஓயாமல் பேசுகிறாள். அடி அண்ணாமலையில் மட்டும் காபியை ஊதி ஊதிக் குடிக்கிறாள். மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாயைத் திறந்தேன். ‘சர்க்கரை சரியா இருக்கா?’ என்றுதான் வந்தது.

போன ஞாயிறு ரஃபீக் பிடித்துக்கொண்டான். “அப்பா கேட்டுக்கிட்டே இருக்காருக்கா. தேன்மொழி என்னா பதில் சொல்றாங்க?”

எனக்குத் தெரியவில்லை. மஞ்சுளா சொன்னது கேள்வியைத்தானே! தினமும் அப்பாவுக்கு என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவே இல்லை. அது தெரிந்தவள் எதிரில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள்... இனி எந்த முகத்தோடு கேட்பேன்?

“சிக்னல் போயிடுச்சு” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சுளாவும் சிரித்தாள். அவள் தாளை எட்டிப் பார்த்தேன். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.