சுவரோர மேசையின் வெளிச்சம்

வகுப்பறையில் வெளிச்சத்தை அளக்கப் போனால் முதல் எதிரி என் நிழல்தான். லக்ஸ் மீட்டரின் வட்டத் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, எண்ணைப் படிக்கக் கிட்டே போனால் அது சரசரவென்று இறங்கும். அதனால் கையை நீட்டி, உடம்பை ஒடுக்கி, குந்திக்கொண்டுதான் படிக்க வேண்டும். அறைக்கு ஒன்பது மேசை, மொத்தம் இருபத்திரண்டு அறை. இந்த வயதில் முட்டி எதற்கு ஆகும்? ஈப்போவில் நான் டெக்னீஷியனாக இருக்கும் கல்லூரியில் மின்சாரத்தைக் குறைக்க வேண்டுமாம். அதற்காகத்தான் இந்தக் கூத்து.

மின்சாரத்தைத் தின்பது எது என்று முதல் நாளே கரண்ட் மீட்டர் சொல்லிவிட்டது. ஏர்கோன்! ஆளில்லாத அறையிலும் பதினாறு டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். ஆளிருக்கும் அறையில் பிள்ளைகள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடுங்கும். எழுதிக் கொடுத்தேன். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? டியூப் லைட்டைக் கழற்றுவதுதான் சுலபம் என்று மேனேஜருக்குத் தோன்றிவிட்டது. பாதி லைட்டை அணைத்துவிட்டு அளக்கச் சொன்னார். சராசரி முந்நூறு லக்ஸ் வந்தால் படிக்கப் போதுமாம், அந்தப் பாதியைக் கழற்றிவிடலாம்.

நான் அளந்தது காலை பத்து மணிக்கு. சன்னலோர மேசைகளில் வெயில் கொட்டியது, எண் ஆயிரத்தைத் தாண்டியது. சுவரோர மேசைகளில் நூறுகூட வரவில்லை. எல்லாவற்றையும் கூட்டி ஒன்பதால் வகுத்தால் முந்நூறுக்கு மேலே! நான் நிரப்ப வேண்டிய பாரத்தில் சராசரிக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது.

"சார், சுவர் பக்கம் இருட்டா இருக்கு" என்றேன்.

"ஆவரேஜ் சரியா வருதுலா. அப்புறம் என்ன? சைன் பண்ணுங்க" என்றார் மேனேஜர்.

எரிச்சல் தலைக்கேறியது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டேன். ஏணியில் ஏறி டியூப்களைக் கழற்றியதும் நான்தான்.

மூன்று மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸில் பிளக் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன். படிப்பை நிறுத்தும் பாரத்தோடு ஓர் அக்கா வந்து நின்றார். பக்கத்து ஊரான பத்து காஜாவில் பாலர் பள்ளி ஒன்றில் வேலை செய்பவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வருடக் கடைசிக்குள் டிப்ளோமா இல்லையென்றால் வேலை இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். அதற்காகத்தான் சனிக்கிழமை வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு செமஸ்டர்தானே, ஏன்க்கா நிறுத்துறீங்க?" என்று கேட்டாள் கவுண்டரில் இருந்த கிராணிப் பெண்.

"கிளாஸ்ல எழுத்து ஒண்ணும் பிடிபட மாட்டேங்குதும்மா. கண்ணுதான் போச்சுன்னு கிளினிக்குக்குப் போனேன். கண்ணு நல்லா இருக்குன்னுட்டாங்க. அப்ப மூளைதான் போச்சு. வேற என்ன?"

பிளக்கை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

"எங்கக்கா உக்காருவீங்க?"

"சுவரோரம்தான் தம்பி. சன்னல் பக்கம் ஏர்கோன் நேரா தோள்பட்டையில அடிக்குது, தாங்க முடியல."

மீட்டரை எடுத்துக்கொண்டு அவரை வகுப்புக்கே அழைத்துப் போனேன். வெளியே வழக்கமான மத்தியான மழை, வானம் கறுத்துக் கிடந்தது. அவருடைய மேசையில் வைத்தேன். அறுபத்திரண்டு. ஏணியைக் கொண்டுவந்து, யாரையும் கேட்காமல், கழற்றி வைத்திருந்த இரண்டு டியூப்களை அவர் தலைக்கு மேலே மாட்டினேன். மேனேஜர் வந்து கேட்கட்டும், அவரையும் இந்த மேசையில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்கிறேன் என்று ஆத்திரம்.

சுவிட்சைப் போட்டதும் அக்கா புத்தகத்தைத் திறந்தார். உதடு அசையப் படித்தார். பக்கத்தைப் புரட்டினார், அடுத்ததையும் படித்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் ஏணியை மடக்கினேன்.

"இந்த லைட்டைக் கழட்டுறதுக்கு முன்னால அளந்து பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேன்க்கா."

"இந்த மேசையையுமா?"

"இந்த மேசையையும்தான்."

கையிலிருந்த பாரத்தை அவர் நாலாகக் கிழித்து என் சட்டைப்பையில் திணித்தார்.

"மூணு மாசமா வீட்டுக்குப் போற வழியெல்லாம் என்னை நானே மடச்சி மடச்சின்னு திட்டிக்கிட்டுப் போனேன் தம்பி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."