அடிவயிறு என்று சொன்ன வலி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துப் பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்த டீச்சர் நான். இருமினால், தும்மினால் மூத்திரம் ஒழுகும். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கினால் போச்சு, புடவை நனைந்துவிடும். அதற்கு ஆபரேஷன் செய்து, மூத்திரக் குழாய்க்கு அடியில் தாங்கலாக வலை மாதிரி ஒரு டேப் வைத்தார்கள். ஒழுக்கு சுத்தமாக நின்றது. அந்த டாக்டருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போலிருந்தது.

வருஷம் திரும்புவதற்குள் உள்ளே சுருக் சுருக்கென்று குத்த ஆரம்பித்தது. இடத்தைச் சொல்ல வாய் வருமா? எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே எது வலித்தாலும் அது 'அடிவயிறு'தான். நானும் அதையே சொன்னேன். போன இடமெல்லாம் வயிற்றை ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று கேஸ் மாத்திரை எழுதினார்கள். எரிச்சலாக வந்தது. வீட்டுக்காரரோ என் பக்கத்தில் வரவே பயந்தார். அவருக்கும் குத்தியிருந்தது.

கடைசியாக விழுப்புரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். "அடிவயித்துல எங்கம்மா? கை வச்சுக் காட்டுங்க" என்றார். என் கை தொப்புளோடு நின்றுவிட்டது. டாக்டர் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். கதவு சாத்தியதும் சொன்னேன்: "வயிறு இல்லீங்க டாக்டர். அதுக்கும் கீழ, உள்ள. அவருக்கும் குத்துதுங்க."

"அடக் கடவுளே, இத மொதல்லயே சொல்லக் கூடாதா!"

பரிசோதித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "டேப் சதைய அறுத்துட்டு வெளிய நீட்டிட்டு இருக்கும்மா. அந்தத் துண்ட வெட்டி எடுக்கணும். எடுத்தா குத்தாது. ஆனா பழையபடி ஒழுகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

வலியா, ஈரமா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது, இரண்டும் என் தலையில்தானே! "எடுத்துடுங்க" என்றேன்.

ஆபரேஷன் முடிந்து மூத்திரம் போக மாட்டியிருந்த டியூபை எடுத்த பிறகு நர்ஸ் என்னை நிற்க வைத்தார். "இருமுங்கக்கா." பயத்தில் தொண்டையைச் செருமி ஏமாற்றப் பார்த்தேன். "இன்னா செருமிக்கினு நிக்கிறீங்க, பலமா இருமுங்க." இருமினேன். எங்கும் குத்தவில்லை. தொடை வழியே சூடாக இறங்கியது.

வீட்டுக்காரர் உள்ளே ஓடிவந்தார். "வலிக்குதா?"

"வலி இல்ல. ஒழுகுது."

"அப்பாடா, வலி இல்லியே! அது போதும்" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "யாருக்குப் போதும்? லீவு முடிஞ்சா நீங்களா அந்த பஸ்ஸுல போவப் போறீங்க?"