செட்டருக்கு முன் சீட்டு

சாந்தன்பாறைப் பக்கம் எங்கள் ஏலத்தோட்டத்துக்கு ஒரே ஜீப்தான். வேலைக்குப் போகும் பெண்களும் தோட்டத்து வாலிபால் டீமும் அதில்தான் நெருக்கியடித்துக்கொண்டு போவோம். அதனால் ஆட்டக்காரர்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசும் வசதி எனக்குக் கிடைத்ததே இல்லை. முகத்துக்கு நேரேதான் சொல்வேன்.

மழை விட்டு இந்த வருஷம் வலை கட்டியதுமே சொல்லிவிட்டேன். அடிக்கிறவன் கல்யாணமானதிலிருந்து கனத்துவிட்டான், குதித்தால் கால் தரையை விடுவதில்லை. சர்வீஸ் போடுகிறவனுக்குக் கை இருக்கிறது, பொறுமை இல்லை. அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கப் புதிதாக வந்த செட்டரைத்தான் தாங்கவே முடியவில்லை.

"ஏலே, பந்தைத் தூக்குதியா, தாலாட்டுதியா?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை போட்டியில பாருங்கக்கா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்திலேயே தோற்றோம்.

மறுநாள் காலை அவனைத் திட்டுவதற்காகவே சீக்கிரம் வந்து ஜீப்பில் ஏறியிருந்தேன். வழக்கம்போலப் பின்கம்பியைப் பிடித்துத் தொங்க வந்தான். விரல்கள் வீங்கி, கம்பியைச் சுற்றி மடங்கவே இல்லை.

டிரைவர் பக்கத்து சீட்டு, என் முழங்கால் வலிக்காக எல்லாரும் எனக்கென்று விட்டது. இறங்கினேன். "முன்னால போய் உக்காருல" என்றேன்.

பின்னால் ஏறி, அவன் பிடரியைப் பார்த்துத் திட்டத் தொடங்கினேன். இரண்டாவது வளைவிலேயே அவன் தலை சாய்ந்துவிட்டது. என் பக்கத்தில் இருந்தவள் உரக்கச் சிரித்தாள்.

"சத்தம் போடாதட்டி" என்றேன். "நம்ம செட்டர் தூங்குதான்."