ராத்தாவுக்கு ஒரு கட்டம்

நான் பொய் சொன்னேன். ஒரு படத்தைக் காட்டி, அதில் இல்லவே இல்லாத ஒருவரிடம், "இதுதான் நீங்கள்" என்று விரல் வைத்துச் சொன்னேன். அவர் நம்பினார். இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்... அதுதான் என்னை அரிக்கிறது!

இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை. ஆலங்குடியில் ஒரு மாடி அறையில் தனியாக உட்கார்ந்து, தூரத்து அலுவலகம் ஒன்றுக்குக் கணினியில் வேலை பார்ப்பவன் நான். என்னோடு பேசுகிறவர்கள் திரையில் ஒரு வட்டத்துக்குள் ஒற்றை எழுத்தாக வந்து மறைகிறவர்கள். நீங்களும் முகம் தெரியாதவர்தான். இருந்தாலும் கேளுங்கள்.

ஒரு கம்பெனிக்கு மென்பொருள் செய்யும் முன், அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று ஒருவன் போய்ப் பார்க்க வேண்டும். யார் எதைச் செய்கிறார், அது அடுத்து யார் கைக்குப் போகிறது என்பதைக் கட்டங்களாகவும் கோடுகளாகவும் வரைந்து தர வேண்டும். அதுதான் என் தொழில். அந்தப் படத்தை வைத்துத்தான் மற்றவர்கள் மென்பொருளைக் கட்டுவார்கள். படத்தில் இருப்பது நடக்கும். இல்லாதது நின்றுபோகும்.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்!

கட்டுமாவடியில் ஒரு மீன் கம்பெனிக்காகப் போயிருந்தேன். படகில் வரும் மீனை ரகம் பிரிப்பார்கள், எடை போடுவார்கள், ஐஸ் போட்டு லாரியில் ஏற்றுவார்கள். ரகம் பிரிக்கும் இடத்தில்தான் கதீஜா ராத்தா உட்கார்ந்திருப்பார். கணவரை இழந்தவர். ராத்தா என்றால் அக்கா. கரையில் எல்லாருக்கும் அவர் ராத்தா. எனக்கும் அப்படியே ஆனார்.

அவர் கம்பெனி ஆள் இல்லை. சம்பளம் கிடையாது. எடைக்கு ஆகாத பொடிமீனை, அங்கே அதைச் சங்காயம் என்பார்கள், அவர் கூடையில் தள்ளிவிடுவார்கள். அதைக் காயவைத்துக் கருவாடாக்கி விற்றுத்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது. முதலாளியின் தகப்பனார் காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

போன முதல் நாளே கேட்டார்.

"சாப்ட்டீங்களா தம்பி? கடைச்சோறு ஒங்களுக்கு ஒத்துக்காது. வீட்டுக்கு வாங்க, மீன் ஆணம் ஊத்தித் தாரேன்."

அம்மா போன பிறகு என்னை அப்படிக் கேட்டவர் யாருமில்லை. அங்கே இருந்த நாளெல்லாம் அவர் கையால்தான் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் நினைத்தேனா?

இப்போது படத்துக்கு வருகிறேன். 'எடைக்கு ஆகுமா?' என்று ஒரு கேள்விக் கட்டம். அதிலிருந்து இரண்டு கோடுகள் கிளம்ப வேண்டும். 'ஆம்' என்ற கோடு தராசுக்குப் போகும். 'இல்லை' என்ற கோடு ராத்தாவின் கூடைக்குப் போக வேண்டும். ஆனால் என் படத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை உண்டு. இவரை எந்த வரிசையில் வைப்பது? ஊழியரும் இல்லை, கம்பெனிக்கு மீன் விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. தனி வரிசை போட்டால் படம் இரண்டாம் பக்கத்துக்கு வழியும். கோடு மற்றக் கோடுகளை வெட்டிக்கொண்டு போகும்.

கோட்டின் மேல் கோடு ஏறாமல் வரைகிறவன் என்று அலுவலகத்தில் எனக்கொரு பெயர். அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டேன். 'இல்லை' என்ற கோட்டை ஒரு சின்ன வட்டத்தில் முடித்து, 'கழிவு' என்று எழுதினேன்.

அழகுக்காக மட்டுமா? இல்லை... உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ராத்தாவுக்குக் கட்டம் போட்டிருந்தால், முதலாளி கூட்டத்தில் "இது யாரு?" என்று கேட்டிருப்பார். நான் எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு எனக்குத் துணிவில்லை.

கிளம்புகிற நாளில் கரையில் இருந்தவர்களுக்குப் படத்தைக் காட்டினேன். ராத்தாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப்பார்த்தார்.

"நான் எங்கிட்டு இருக்கேன் தம்பி?"

ஐஸ் போடும் கட்டத்தைத் தொட்டு, "இந்தா, இதுதான் ராத்தா நீங்க" என்றேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மீன் வாடை ஒட்டிவிடுமென்று திரையில் படாமல் விரலை நீட்டி, பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார்: "பாத்தியாடி, கம்ப்யூட்டர்ல நானும் இருக்கேன்!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் ஒரு முழு மனுஷியைப் படத்தில் மறைத்தேன்.

மென்பொருள் வந்தது. திரையில் 'கழிவு' என்று தனியாக ஒரு வரி. இவ்வளவு வீணாகிறதா என்று முதலாளி கேட்டாராம். இப்போது கோழித்தீவன ஆலையின் வண்டி வந்து அதை அள்ளிக்கொண்டு போகிறது. ராத்தாவை யாரும் விரட்டவில்லை. கூடையில் மீன் விழவில்லை, அவ்வளவுதான்.

அவரே கைபேசியில் கூப்பிட்டார்.

"சொகமா இருக்கீங்களா தம்பி? கூடைக்கு மீனு வரமாட்டேங்குது. படத்துல எனக்குக் கட்டம் இருக்கு, தம்பி காட்டுனாருன்னு மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். அவுக சிரிக்கிறாக. நீங்க அந்தக் கட்டத்த மட்டும் அவுகளுக்குக் காட்டுங்க. அது போதும்."

"சொல்றேன் ராத்தா" என்றேன்.

அன்றே படத்தைத் திறந்தேன். லாரிக் கட்டத்தைச் சற்றுக் கீழே நகர்த்திப் பார்த்தேன்... ஐயோ, இடம் இருந்தது! ராத்தாவுக்கு ஒரு வரிசை, ஒரு கட்டம், ஒரு கூடை. அதே ஒரே பக்கத்தில்! ஒரு கோடுகூட இன்னொன்றை வெட்டவில்லை.

திருத்திய படத்தை முதலாளிக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் முதல் படம் தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அனுப்பியிருந்தால் கூடை நிறைந்திருக்குமா? தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியையும் நானே அடைத்துவிட்டேன். திருத்திய படம் என் கணினியிலேயே கிடக்கிறது.

பிறகு அவர் அழைத்தபோதெல்லாம் எடுக்கவில்லை. போன வாரம் என்னவோ எடுத்துவிட்டேன். கோபமாகப் பேசுவார், பேசட்டும் என்றிருந்தேன். திட்டினால் கொஞ்சம் லேசாகும் என்றுகூட நினைத்தேன்.

"வருத்தப்படாதீங்க தம்பி. நீங்க சொல்லியும் கேக்கலைன்னா நீங்க என்ன செய்வீக? எனக்காகப் பேசுனீங்களே, அதுவே பெருசு... சாப்ட்டீங்களா?"

அறையில் வேறு யாரும் இல்லை. அடுப்பு மூட்டவே இல்லை.

"சாப்ட்டேன் ராத்தா" என்றேன்.