அப்பா கிள்ளிய திரி

நல்லெண்ணெயில் பஞ்சு கருகும் புகை... சாமி அலமாரியைத் தாண்டி வீடு முழுக்க நின்றது. அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றைய சாயங்காலம்.

வயிற்றில் கட்டி. பெரிய ஆபரேஷன் என்றார்கள். துணைக்குச் சித்தி போயிருந்தாள். திண்டுக்கல் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். நான் அப்போது காலேஜ் கடைசி வருஷம்.

அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. எங்களோடு கோயிலுக்கு வந்தாலும் செருப்புக்குக் காவலாக வெளியே நின்றுவிடுவார். அவரிடம்தான் அம்மா, "விளக்கை மட்டும் விட்டுறாம ஏத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

நான் ஏற்றுகிறேன் என்றேன்.

"என்கிட்டதான தாயி உங்கம்மா சொல்லிட்டுப் போயிருக்கா."

ஏற்றினார். சுடர் நிற்காமல் படபடத்துப் புகைந்தது. அப்பாவின் முகமே மாறிவிட்டது. உடனே சித்திக்கு போன் போட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

"ஏங்க, கருக்கைக் கிள்ளுனீங்களா?"

"எதை?"

"திரி நுனியில கருகிப்போய் இருக்கும்ல... அதைக் கிள்ளிட்டு, கொஞ்சம் முன்னால இழுத்து விடுங்க. நேத்து எரிஞ்சதைச் சுமந்துக்கிட்டு இன்னைக்கும் எரின்னா, அது எப்படி எரியும்?"

அணைத்து, கிள்ளி, மறுபடி ஏற்றினார். சுடர் நேராக நின்றது. "இப்ப நல்லா எரியுது" என்றார் போனில். போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஆபரேஷன் அன்று எல்லோரும் மதுரையில் இருந்தோம். மதியம் தாண்டியும் அம்மா கண் விழிக்கவில்லை. அப்பா எழுந்தார்.

"போயி ஏத்திட்டு வந்துர்றேன்."

சித்திக்குக் கோபம். "இந்த நேரத்துலயா மச்சான்?"

"இங்க என்னால என்ன செய்ய முடியுது? அதையாச்சும் செய்யிறேன்."

பஸ் ஏறிவிட்டார். அவர் திரும்புவதற்குள் அம்மா கண் திறந்தாள். "அப்பா எங்க?" என்றாள். விளக்கேற்றப் போயிருக்கிறார் என்றேன்.

"இவரா?" என்றாள். சிரிக்கப் போய், வயிறு வலித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மா நன்றாகிவிட்டாள். அப்பா இன்றுவரை சாமி கும்பிடுவதில்லை. ஆனால் சாயங்காலம் திரியைக் கிள்ளி வைப்பது அவர்தான். ஏற்றுவது அம்மா.

இப்போது என் பெங்களூர் ஃப்ளாட்டில், சாமி படத்துக்கு முன்னால் ஸ்விட்ச் போட்டால் எரிகிற விளக்கு. திரி இல்லை, புகை இல்லை. நானும் என் கணவரும் ஆளுக்கொரு நேரத்தில் வீடு வருகிறோம். முதலில் வருகிறவர் ஸ்விட்சைத் தட்டிவிடுவார். சில நாள் காலையில் பார்த்தால், அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்...

அணைக்க ரெண்டு பேருக்குமே ஞாபகம் இருந்திருக்காது.